பிஞ்சு விரல்களுக்கு ஏழு வேலைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

கல்லூரி ஆண்டு மலரில் அறிவியல் மாணவர்கள் எழுதும் கட்டுரை என்றால் அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ இருப்பதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரியதன்று. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள ஒரு குழந்தை தன் கைகளால் என்னென்ன செய்து பழகலாம் என்பதே இக்கட்டுரை. களிமண், பழைய தாள், வெண்டைக்காய்க் காம்பு, மஞ்சள் தூள், பனை ஓலை ஆகியவைதாம் இதற்கு வேண்டிய ஆய்வுக்கூடப் பொருள்கள். கையிலிருந்து காசு செலவழிய வேண்டியதில்லை.

வேதியியல் மாணவிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. ஆகவே, ரேஷன் கடை விண்ணப்பத்தை நிரப்புவது முதல் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வது வரை, எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாம் என்னிடம்தான் வரும். சென்ற ஆண்டு அக்காள் மகளைப் பற்றிய ஒரு கேள்வியும் அப்படித்தான் வந்தது.

அப்போது பாப்பாவுக்கு மூன்றரை வயது. வட்டிக்குப் பணம் வாங்கி அவளைப் பக்கத்து நகரத்தில் ஓர் ஆங்கில நர்சரிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, “உங்கள் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கவே வரவில்லை, மற்றக் குழந்தைகள் ஏ, பி, சி, டி முழுவதும் எழுதுகிறார்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அக்காள் சாப்பிடவில்லை. “நம்ம குடும்பத்துக்கே எழுத்து வராதோ?” என்று என்னிடம் கேட்டாள். இதற்கு ஆறுதல் சொன்னால் போதாது, காரணம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கல்லூரி நூலகத்தில் படித்ததையும், பாப்பாவுடன் மாலை நேரங்களில் செய்து பார்த்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எழுத்துக்கு முன்னால் கை

பென்சில் பிடிப்பது பெரியவர்களாகிய நமக்கு மிக எளிய செயல். ஆனால் குழந்தையின் கை நம் கையின் சிறிய வடிவம் அன்று. நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது இவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாக மாறுகின்றன. கடைசி எலும்பின் முறை வருவதற்கு ஏறத்தாழ 8 வயதிலிருந்து 12 வயது ஆகிவிடும்.

எலும்பு மட்டுமன்று, தசைகளின் கட்டுப்பாடும் படிப்படியாகவே வருகிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் விரல் நுனி என்ற வரிசையில் அது இறங்கி வருகிறது. இரண்டு வயதுக் குழந்தை கரித்துண்டைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டு, தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் பென்சிலைப் பிடிக்கும் பக்குவம் பெரும்பாலும் 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில்தான் அமைகிறது. எனவே மூன்றரை வயதில் பென்சில் நழுவுவது மந்தத்தின் அடையாளமாகாது. அது வயதின் அடையாளம்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். ஐந்தில் எதை வளைக்க வேண்டும் என்பதைத்தான் யோசிப்பதில்லை. முதலில் வளைந்து பழக வேண்டியவை ஐந்து விரல்களே. பிசைதல், கிழித்தல், உருட்டுதல், ஒட்டுதல், பின்னுதல் ஆகியவை எல்லாம் அந்தப் பழக்கத்தைக் கொடுப்பவை.

இது புதிய கருத்தும் அன்று. 1837-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் ஃபிரோபெல் என்பவர் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். பின்னர் அவர் அதற்கு வைத்த பெயர்தான் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம். அங்கே பந்து, மரக்கட்டை, தாள் மடித்தல், பின்னுதல் ஆகியவையே பாடங்களாக இருந்தன. 1907-இல் ரோம் நகரில் மருத்துவர் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கு வந்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். சான் லொரென்சோ பகுதியில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகள். அதே மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதித்தான் அரிச்சுவடியைக் கற்றார்கள். சென்னை எழும்பூரில் சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இம்முறையைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விரலில் தொடங்கி எழுத்துக்குப் போகும் வழி நம் ஊர்த் திண்ணையிலேயே இருந்தது என்பதை எண்ணும்போது பெருமையாக இருக்கிறது.

இனி அந்த ஏழு வேலைகளைக் காண்போம்.

1. களிமண்

ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பழைய துணியில் வடிகட்ட வேண்டும். கல்லும் கண்ணாடித் துண்டும் போய்விடும். ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்துகொள்ளலாம். ஈரத்துணி சுற்றி வைத்தால் பல நாள் காயாமல் இருக்கும்.

குழந்தைக்கு எலுமிச்சம்பழ அளவு கொடுத்தால் போதும். முதலில் உருண்டை, அடுத்துப் பாம்பு, பிறகு தட்டி அப்பளம். இந்த மூன்று வடிவங்களிலிருந்தே அடுப்பு, அம்மி, சட்டி, பிள்ளையார் எல்லாம் பிறந்துவிடும். களிமண்ணின் நுண்துகள்கள் மெல்லிய தகடுகளைப் போன்றவை. இடையில் நீர் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, வைத்த வடிவத்தில் நிற்கின்றன. செய்த பொருளை நிழலில் உலர்த்துவது நல்லது. வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும்.

2. மணலும் கோலமாவும்

ஒரு தாம்பாளத்தில் சலித்த மணலைப் பரப்பி, விரலால் கோடு, சுழி, வட்டம் போடச் செய்யலாம். தட்டை ஆட்டினால் எல்லாம் அழிந்துபோகும். தவறாகப் போட்டது என்று அங்கே எதுவும் மிஞ்சாது என்பதே மணலின் சிறப்பு. பிறகு கோலமாவு. நாம் ஒரு வரிசைப் புள்ளி வைத்துக் கொடுத்தால், குழந்தை புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கும். மாவைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சிட்டிகையாகப் பிடித்து விடும் அந்த அசைவு, பின்னாளில் பென்சில் பிடிக்க நேராக உதவுகிறது. பச்சரிசி மாவாக இருந்தால் எறும்புக்கும் உணவாகும்.

3. கிழித்து ஒட்டுதல்

கத்தரிக்கோல் நான்கு வயதுக்குப் பிறகு வரட்டும். அதற்கு முன் கிழித்தல். பழைய செய்தித்தாளை இரு கைகளாலும் பிடித்து, ஒரு கையை முன்னும் ஒரு கையைப் பின்னும் இழுத்துக் கிழிப்பது மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு பெரிய சாதனை. கிழிந்த துண்டுகளை ஓர் அட்டையில் நாம் வரைந்த மீனுக்குள்ளோ மாம்பழத்துக்குள்ளோ ஒட்டச் சொல்லலாம்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். ஒரு கரண்டி மைதாவை ஐந்தாறு கரண்டிக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறினால், மாவு கண்ணாடி போல மாறிக் கெட்டிப்படும். சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைவதே இதற்குக் காரணம். கொதிநீரில் நேரடியாகக் கொட்டினால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் முதலில் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு அப்படியே நிற்கும். ஒன்றை மறக்கக் கூடாது. சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. குழந்தைக்குத் தரும் பசையில் அது கூடவே கூடாது. அவ்வப்போது புதிதாகக் காய்ச்சிக்கொள்வதே நன்று. இரண்டு பருக்கைச் சோறும் நல்ல பசைதான்.

4. காய்கறி அச்சு

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள் கொண்ட பூவைப் போல இருக்கும். வெங்காயம் வட்டத்துக்குள் வட்டமாகவும், வாழை மட்டை கட்டம் கட்டமாகவும் இருக்கும். சமையலுக்கு அரிந்த பின் கழித்துப் போடும் துண்டே இதற்குப் போதுமானது. உணவை வீணாக்கத் தேவையில்லை. ஒரு தட்டில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதன்மேல் சாயத்தை ஊற்றினால் அச்சுத் திண்டு ஆயிற்று. துண்டை அதில் ஒற்றித் தாளில் வைத்து அழுத்த வேண்டும். பீட்ரூட் சாறு, மஞ்சள் கரைசல், கரித்தூள் கலந்த கஞ்சி ஆகியவை நல்ல சாயங்கள். எவ்வளவு அழுத்தினால் படம் விழும், எவ்வளவு அழுத்தினால் அப்பிப் போகும் என்பதைக் குழந்தை தானே அறிந்துகொள்கிறது.

5. மஞ்சளில் ஒரு மாயம்

என் துறைக்குரிய பகுதி இது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலந்து, அதில் வெள்ளைத் தாளை நனைத்து உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். வேப்பங்குச்சியின் ஒரு நுனியைக் கல்லால் தட்டினால் நார் பிரிந்து தூரிகையாகும். இனி குழந்தையிடம் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைக் கொடுத்துத் தாளில் வரையச் சொல்லுங்கள். நிறமில்லாத நீர் பட்ட இடமெல்லாம் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் சிவப்பு மறைந்து மறுபடியும் மஞ்சளாகும்.

மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாகவும், காரத்தில் சிவப்பாகவும் தோன்றுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து நம் வீடுகளில் ஆரத்தி கரைக்கிறார்களே, அதுவும் இதே வினைதான். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் பதியும். அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகும். முதலாண்டில் நாம் பிப்பெட்டும் பியூரெட்டும் வைத்துக்கொண்டு செய்ததை, பாப்பா வேப்பங்குச்சியால் செய்துவிட்டு, “சித்தி, இன்னொரு தாள்!” என்று கேட்டாள்.

6. இலைப் பதிவு

பூவரசு, ஆல், அரசு முதலியவற்றின் இலையைக் கீழ்ப்புறம் மேலாக வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, மெழுகுப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால், நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அடுப்புக் கரியும் உதவும். இலையைப் பறிக்காமல் விழுந்ததையே பொறுக்கச் சொன்னால், தோட்டத்தைச் சுற்றிவருவதும் ஒரு பாடமாகும். வலைபோல் பின்னிய ஆலிலை நரம்பும், கோடு கோடாக ஓடும் மூங்கில் இலை நரம்பும் வேறு வேறு என்று பாப்பாவே காட்டினாள். ஒருவித்திலை, இருவித்திலை என்ற சொற்கள் அவளுக்கு இப்போது தேவையில்லை. வேறுபாடு கண்ணில் பட்டதே போதும்.

7. ஓலை

பனங்குருத்தோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, மீன், கிளி எல்லாம் செய்யலாம். தென்னங்கீற்றில் கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் வரும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். நீரில் ஊறவைத்தால் நார் நெகிழ்ந்து வளையும். இந்த வேலையில் மடிப்பும் முடிச்சும் பெரியவர் பங்கு. ஓலையை நனைத்து எடுத்துக் கொடுப்பதும், ஒன்றுவிட்டு ஒன்று நுழைப்பதும், காற்றாடியோடு ஓடுவதும் குழந்தையின் பங்கு. ஐந்து வயதை நெருங்கும்போது நான்கு பட்டை வைத்துச் சிறு பாய் பின்னக் கற்றுக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை

இவை எதையும் குழந்தையைத் தனியே விட்டுச் செய்யவிடக் கூடாது. புளியங்கொட்டை, பாசிமணி போன்ற சிறு பொருள்கள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுக்கவே கூடாது. அதன் பருப்பு கொடிய நஞ்சு. ஆமணக்கு விதையும், அரளியின் இலை, பூ, காய் யாவும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. சுண்ணாம்பும் கண்ணுக்குப் பகை. ஆகவேதான் மஞ்சள் வேலைக்குச் சோப்பு நீரைச் சொன்னேன். வீட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைக் கொடுப்பதும் தவறு. சில பெயிண்டுகளில் ஈயம் இருக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

இன்னொரு கவனமும் வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தை மனிதனை வரைந்தால் ஒரு வட்டம், அதிலிருந்து நேராக இரண்டு கால்கள் என்றுதான் வரையும். உடம்பு இருக்காது. உலகெங்கும் குழந்தைகள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். “வயிறு எங்கே?” என்று கேட்டு நாம் திருத்த வேண்டியதில்லை. கையைப் பிடித்து நாமே வரைந்து கொடுப்பதும் வேண்டா. “இது யார்? என்ன செய்கிறார்?” என்று கேட்டால் போதும். ஒரு கதையே வெளிவரும். அந்தக் கதையில் புதிய சொற்கள் பிறக்கும். கைவேலை மொழிப்பாடமாக மாறும் இடம் அதுவே.

ஓர் எதிர்ப்பும் அதன் பதிலும்

இவ்வளவையும் நான் எளிதாகச் செய்துவிடவில்லை. முதல் எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்தே வந்தது. அம்மா நாற்று நடும் கூலிக்குப் போகிறவர். களிமண்ணும் கையுமாகப் பாப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “காலேசுக்குப் போறவ, கொழந்தைக்கு நாலு எழுத்து சொல்லிக் குடுப்பேன்னு பாத்தா, சேத்த அள்ளிக் குடுத்திருக்கியேடி. நாங்க சேத்துல கெடந்தது போதாதா?” என்றார்.

இந்தக் கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் இதுதான் உண்மையான கேள்வி. தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்தவர்களுக்கு, படிப்பு என்பது கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நிற்பது. வசதியுள்ள வீட்டில் களிமண் ஒரு விளையாட்டு. எங்கள் வீட்டில் அது கூலி. ஆகையால் ‘குழந்தை மண்ணில் விளையாடட்டும்’ என்று எழுதிவிடுவது எளிது. அந்த வீட்டாரின் அச்சத்தை மதிக்காமல் எழுதுவது முறையன்று.

அம்மாவிடம் நான் வாதம் செய்யவில்லை. ஓலை முடையத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை. அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “இப்படிக் குடு” என்று வாங்கி, நான்கு நொடியில் ஒரு மீன் முடைந்து பாப்பாவின் கையில் வைத்தார். பாப்பா, “ஆயா, எனக்குச் சொல்லிக் குடு” என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவை, ‘சொல்லிக் கொடு’ என்று கேட்ட முதல் மாணவி அவள்தான். அன்றிலிருந்து ஓலை வேலைக்கு அம்மாவே ஆசிரியை. இப்போது நான் அம்மாவுக்குச் சொல்லும் பதில் இதுதான்: சேற்றில் கிடப்பது வேறு, சேற்றை ஆள்வது வேறு. இன்று பாம்பு உருட்டும் விரலே நாளை ‘அ’வின் சுழியைப் போடும் விரல்.

பாப்பாவுக்கு இப்போது நான்கரை வயது. எங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போகிறாள். எழுத்தெல்லாம் இன்னும் எழுதவில்லை. ஆனால் சாக்குக்கட்டியை மூன்று விரலால் பிடித்துத் தரையில் சுழி போடுகிறாள். ‘எழுத்து வராதோ’ என்ற பேச்சை அக்காளும் நிறுத்திவிட்டாள். நர்சரிக்கு வாங்கிய கடனின் வட்டி மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் பயனாக, இன்று தமிழ்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அங்கே பணியாற்றுபவர்கள் எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது என்று பல வேலைகளைச் சுமப்பவர்கள். கைவேலைக்கு ஒரு துணைக்கை கிடைத்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள்.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஆண்டுதோறும் ஏழு நாள் ஒரு சிற்றூரில் நடக்கிறது. சாலையைச் சீர்செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அந்த ஊர் அங்கன்வாடிக்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஏழு நாளைக்கு ஏழு வேலைகள். தாவரவியல் மாணவர்கள் இலையைப் பார்த்துக்கொள்ளட்டும், தமிழ்த்துறையினர் கதை சொல்லட்டும், மஞ்சள் தாளை எங்கள் துறை கொண்டுவரும். ஓலை முடையவும் கோலம் போடவும் தெரிந்த பாட்டிமார்கள் அந்த ஊரிலேயே இருப்பார்கள். அவர்களையும் அழைத்து உட்கார வைப்போம்.

பேராசிரியப் பெருமக்களும் திட்ட அலுவலரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். செலவு அதிகமில்லை. ஒரு வாளிக் களிமண், ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள், அரைக்கிலோ மைதா, கொஞ்சம் மஞ்சள் தூள் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.